எங்கள் வீட்டு மோட்டார் வண்டிகள்



வரலாறு என்றவுடன் உங்கள் உள்ளம் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடும். எங்கள் மாவட்டத்தில் அவற்றிற்குக் குறைவில்லை. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. சிதம்பரத்தில் சோழரும் பாண்டியரும் விசயநகர வேந்தரும் கைவைத்த கோபுரங்கள் நிற்கின்றன. 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நான், அவற்றைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. மஞ்சக்குப்பத்திலுள்ள எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் வைத்திருந்த மோட்டார் வண்டிகளின் ரசீதுகளும், காப்பீட்டுத் தாள்களும், கடித நகல்களும், ஒரு பதிவுப் புத்தகமும் அதில் அடங்கியுள்ளன. அப்பெட்டியையே இன்று உங்கள் முன் திறக்கிறேன்.

ஒரு பொருளைச் சான்றாகக் கொண்டு வரலாறு படிக்க முற்படுவோர் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லி வந்தேன். இப்பொருள் இங்கு வருவதற்கு இசைவு தந்தவர் யார்? வந்தபின் இதனால் பயன் கொண்டவர் யார்? பானைக்கும் நாணயத்திற்கும் பொருந்தும் இக்கேள்விகள் காருக்கும் பொருந்தும். எங்கள் கொட்டகையில் நின்ற கார்களை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தோம் என்று இளமையில் நானும் எண்ணியதுண்டு. தகரப் பெட்டியின் தாள்கள் வேறு கதை கூறுகின்றன.

முதலில் சென்னையைப் பார்ப்போம். அந்நகரில் முதன்முதல் மோட்டார் ஓட்டியவராகக் குறிக்கப்பெறுபவர், பாரி கம்பெனியின் இயக்குநராக இருந்த ஏ. ஜே. யார்க் என்னும் ஆங்கிலேயர். ஆண்டு 1901. அடையாற்றிலிருந்து கடற்கரையிலுள்ள அலுவலகத்திற்கு அவர் நாள்தோறும் அவ்வண்டியில் சென்று வந்தாராம். கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி கம்பெனியே அது. தென்னார்க்காட்டுக் கரும்புக்கும் சென்னையின் முதல் காருக்கும் உள்ள உறவை நீங்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம். 1903இல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே கட்டி ஓட்டிக் காட்டினார். அந்நகரில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்ற பெயர், சென்னையின் பெரிய கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கு உரியது. அவருடையது பிரெஞ்சு நாட்டு டி தியோன் பூத்தோன் வண்டி.

இவையெல்லாம் பெருநகரத்துச் செய்திகள். மாவட்டத் தலைநகரான கடலூரில் கலெக்டரும், ஆலை முதலாளிகளும், இரண்டொரு பெருநிலக்கிழாரும் கார் வைத்திருந்த காலத்தில், நீதிமன்றம் செல்லும் வக்கீல்கள் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலுமே சென்றனர். எங்கள் பாட்டனாரும் அவ்வாறு சென்றவரே.

அவர் கார் வாங்கியது 1947இல். வெள்ளையர் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. கப்பலேறும் ஆங்கிலேயர் தம் மேசை, நாற்காலி, பியானோ முதலியவற்றோடு காரையும் விற்றுச் சென்றனர். அவ்வாறு கைமாறிய மோரிஸ் எயிட் என்னும் சிறு வண்டியை அவர் வாங்கினார். ஆக்ஸ்போர்டு நகரையடுத்த கௌலி என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில், 1935 முதல் 1948 வரை செய்யப்பெற்ற வகை அது. எஞ்சினின் கொள்ளளவு 918 கன சென்டிமீட்டர். முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் உயிர் பெறும். திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து சிறு கை ஒன்று ஒளியுடன் வெளியே நீளும். தெருப்பிள்ளைகள் அக்கை நீளுவதைக் காண்பதற்கென்றே மூலையில் காத்து நிற்பார்களாம். நான் பிறந்தது 1960இல். ஆகவே மோரிஸைப் பற்றிய செய்திகள் கேள்வியறிவே.

அவ்வண்டியோடு ஒரு மனிதரும் எங்கள் வீட்டிற்கு வந்தார். கடலூர் முதுநகரைச் சேர்ந்த காரோட்டி அவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டபோது கரி பஸ் ஓட்டியவர். கரி பஸ் என்றால் இன்றைய மாணவர்களுக்கு விளங்காது. பஸ்ஸின் பின்புறம் ஓர் இரும்பு உலை பொருத்தியிருப்பர். அதில் மரக்கரியை இட்டு, கிளீனர் கையால் விசிறியைச் சுழற்றி அனல் மூட்டுவார். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் வாயு குழாய் வழியே சென்று எஞ்சினை இயக்கும். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளுவர். இத்தகைய வண்டியை ஓட்டிப் பழகியவருக்கு மோரிஸ் ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றியிருக்கும்.

மோரிஸ் யாரை ஏற்றிற்று? பாட்டனார் பின்னிருக்கையில், சட்டப் புத்தகங்கள் அவர் அருகில், குமாஸ்தா முன்னிருக்கையில். பெண்கள் ஆண்டுக்கு நான்கைந்து முறை ஏறினர். அதுவும் பெரும்பாலும் சிதம்பரத்திற்கு. பாண்டிச்சேரிக்கு ஒருமுறை போனதைப் பாட்டியார் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால், கடலூரிலிருந்து பெண்ணையாற்றைக் கடந்து சிறிது தொலைவிலேயே சுங்கச் சாவடி வந்துவிடும். வண்டியை நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, சீமைச் சரக்கு உண்டா என்று பார்ப்பர். 1954 நவம்பர் 1ஆம் நாள் பாண்டிச்சேரியின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சாவடியும் மறைந்தது.

இனி, நாட்டின் கதைக்கு வருவோம். இந்தியாவில் கார் செய்ய வேண்டும் என்ற கருத்து விடுதலைக்கு முன்பே முளைத்தது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா 1930களின் நடுவில் மேலை நாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு திட்டம் தீட்டினார். தொழிலதிபர் வால்சந்து ஈராசந்து அதனைச் செயலாக்க முன்வந்தார். அன்றைய வெள்ளையர் அரசு ஆதரவு தரவில்லை. ஆயினும் 1942இல் பிர்லா குடும்பத்தாரின் இந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944இல் வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின. நம் தமிழ்நாடும் பின்தங்கவில்லை. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்பதற்காகத் தோன்றிற்று. அதுவே 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் மாறிற்று. அதே 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையில் தோன்றி, பின்னர் வண்டலூரை ஒட்டிக் கார்களைச் செய்தது. இன்று செங்கற்பட்டுப் பக்கம் காணும் பெரும் தொழிற்சாலைகளே தமிழ்நாட்டின் முதல் கார் ஆலைகள் என்று எண்ணும் மாணவர்கள் இதனைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

இந்த முயற்சிகளுக்கு அரசு ஒரு வேலி அமைத்தது. வெளிநாட்டிலிருந்து உறுப்புகளைத் தருவித்து வெறுமனே பூட்டித் தருவோருக்கு இங்கு இடமில்லை, படிப்படியாக உறுப்புகளையும் இங்கேயே செய்வோருக்கே இடம் என்று 1953இல் முடிவாயிற்று. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டி வந்த அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையை மூடிற்று. போர்டு கம்பெனியும் வெளியேறிற்று. எஞ்சிய சில கம்பெனிகள், அரசு அனுமதித்த எண்ணிக்கையில், அரசு அனுமதித்த வகையைச் செய்தன. 1959இல் கார் விற்பனையையே ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. காரை அரசு ஆடம்பரப் பொருளாகக் கருதிற்று. எஃகும் அந்நியச் செலாவணியும் டிராக்டருக்கும் லாரிக்கும் போகட்டும் என்பதே அன்றைய நோக்கு. பஞ்சத்தை நேரில் கண்ட தலைமுறை அவ்வாறு கருதியதில் நியாயம் இல்லாமலில்லை என்பதே என் கருத்து. வேலிக்குள் இருந்தவர்கள் வண்டியைத் திருத்த வேண்டிய கட்டாயம் இன்றிச் சோம்பிப் போனார்கள் என்பதும் உண்மையே.

இந்த வேலியின் நிழல் எங்கள் தகரப் பெட்டியில் விழுந்திருக்கிறது. 1959இல் பாட்டனார் அம்பாசடர் கார் ஒன்றிற்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்தார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வரிசையின் மூன்றாம் வகையை அச்சாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் செய்து வந்த கார் அது. மோரிஸும் கௌலியில் பிறந்தது. அம்பாசடரின் முன்னோரும் கௌலியில் பிறந்தது. சுதந்திர நாட்டின் சொந்தக் கார் என்று நாங்கள் பெருமை பேசியது, பாட்டனாரின் பழைய வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி!

முன்பணம் கட்டிய ரசீதின் பின்புறம் பாட்டனார் பென்சிலால், "1961 பொங்கலுக்குள்" என்று எழுதி வைத்திருக்கிறார். 1961 வந்தது, கார் வரவில்லை. அவ்வாண்டே மோரிஸின் எஞ்சின் ஓய்ந்தது. உதிரி உறுப்புகள் கிடைக்காமையால் அதனை எடைக்கு விற்றனர். வக்கீல் ஐயா மீண்டும் ஜட்கா வண்டியில் நீதிமன்றம் சென்றார். விற்பனை நிலையத்திற்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் பதினொன்று பெட்டியில் உள்ளன. முதல் கடிதங்கள் ஆங்கிலத்தில், வழக்குரைஞரின் கம்பீரத்துடன் இருக்கின்றன. பின்னால் வந்தவை குறுகிக்கொண்டே போகின்றன. கடைசிக் கடிதம் இரண்டே வரி. உடல் நலம் குன்றியிருப்பதாகவும், கூடுமாயின் விரைவில் அனுப்புமாறும் அது வேண்டுகிறது. 1962 நவம்பரில் அவர் காலமானார். பதிவைத் தம் பெயருக்கு மாற்றப் பிறகு தந்தையார் ஓராண்டு காலம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1964 ஆகஸ்டில், கார் ஆயத்தமாக உள்ளது என்னும் அறிவிப்பு வந்தது.

தந்தையாரும் காரோட்டியும் ரயிலில் சென்னை சென்று வண்டியைக் கொணர்ந்தனர். புதிய எஞ்சின் பழகும்வரை வேகமாக ஓட்டலாகாது என்னும் விதியைக் காரோட்டி வேதவாக்காகக் கொண்டமையால், திண்டிவனம், பாண்டிச்சேரி வழியாக வீடு வந்து சேர ஒரு பகல் முழுதும் ஆயிற்று. சுங்கச் சாவடி இருந்த இடம் வந்ததும் அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்ததாம். சாவடி போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது.

எனக்கு அப்போது நான்கு வயது. வெண்ணிற வண்டி வாயிலில் நின்றதும், தேங்காய் உடைத்துச் சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததும் நிழலாக நினைவிருக்கின்றன. தெளிவாக நினைவிருப்பது வேறொன்று. பின்னிருக்கையின் இடப்புறத்தில் எவரையும் பாட்டியார் அமர விடவில்லை. அது பாட்டனாருடைய இடம். அவர் ஒருநாளும் அமர்ந்திராத வண்டியில் அவருக்கென ஓரிடம் ஓராண்டு காலம் வெறுமையாகச் சென்றது. நாங்கள் ஐவரும் எஞ்சிய இடத்தில் நெருக்கியடித்து அமர்ந்தோம்.

அம்பாசடரில் நாங்கள் மிகுதியாகச் சென்ற வழி கடலூர் சிதம்பரம் சாலை. அன்னையாரின் பிறந்தகம் சிதம்பரத்தில் இருந்தது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர். முதுநகரைத் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பின் முட்லூர், இடப்புறம் பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரியும், அப்பால் வெள்ளாறு. ஒருபுறம் மணற்பாங்கில் முந்திரியும் சவுக்கும், மறுபுறம் வயல்கள். சாலை அன்று ஒரு வண்டி செல்லும் அகலமே. எதிரே பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்க வேண்டும். இறங்குபவர் யார் என்பதில் காரோட்டிகளுக்கிடையே எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது: சிறியது இறங்கும், ஏற்றமாக இருந்தால் மட்டும் பெரியது இறங்கும். வெயில் நாளில் புதுச்சத்திரத்தில் நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். எங்களுக்கு நீர்மோர்.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகள் தேரோடும் வீதிகள். ஆங்கிலேயர் தேரைக் 'கார்' என்று எழுதி வந்தமையால், வடக்கு வீதி 'நார்த் கார் ஸ்ட்ரீட்' ஆயிற்று. பழைய பத்திரங்களில் இன்றும் காணலாம். கார் ஓடுவதற்கு முன்பே இவ்வீதிக்கு எப்படிக் கார் வீதி என்று பெயர் வந்தது என ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. நம் நாட்டார்க்குச் சக்கரத்தின்மேல் உள்ள பற்று புதியதன்று. நடராசர் கோயிலின் நிருத்த சபை, குதிரைகள் பூட்டிய தேர் வடிவில் அமைந்தது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ள மேலக்கடம்பூர்க் கோயிலின் கருவறையே சக்கரங்களோடு கூடிய கற்றேராக நிற்கிறது. அதனைக் காணச் சென்றபோது எங்கள் காரோட்டி, கல்லில் செதுக்கிய சக்கரத்தை நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சு எங்கே வரணுமோ அங்கேயே வச்சிருக்கான் ஐயா" என்றார். கோயிற்கலை நூல்கள் பல படித்திருக்கிறேன். இந்தச் சான்றுரை அவற்றில் இல்லை.

இனி இரண்டாம் கேள்வி. அம்பாசடர் யாரை ஏற்றிற்று? மோரிஸில் முன்னால் தனித்தனி இருக்கைகள். அம்பாசடரிலோ முன்புறம் ஒரே நீண்ட பலகை இருக்கை. கியர் தண்டு ஸ்டியரிங் கம்பத்தில் இருந்தமையால் நடுவிலும் ஒருவர் அமரலாம். காரோட்டியும், குமாஸ்தாவும், சிறுவனாகிய நானும் தோளோடு தோள் உராய்ந்து சென்றோம். எங்கள் தெருவில் அன்று வேறு கார் இல்லை. ஆம்புலன்ஸ் என்பதைச் செய்தித்தாளில்தான் படித்தோம். எனவே தெருவில் எவருக்கேனும் பேறுகால வலி கண்டால், பாம்பு தீண்டினால், இரவு இரண்டு மணிக்கும் எங்கள் வாயிற்கதவு தட்டப்படும். தந்தையாரின் கணக்குப் புத்தகத்தில் பெட்ரோல் செலவுக்கு எதிரே "ஆசுபத்திரி" என்ற ஒரு சொல் மட்டும் பல இடங்களில் உள்ளது. யாருக்கு என்று அவர் எழுதவில்லை. அவ்வண்டியில் பிறந்த பிள்ளை ஒன்றும் உண்டு. அவர் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர். பெயரை நான் சொன்னால் கோபித்துக் கொள்வார்.

ஆனால் ஒன்றை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. ஊரையெல்லாம் ஏற்றிச் சென்ற அக்காரோட்டிக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டு மாடத்தில் ஒரு தனி அலுமினியக் குவளை இருந்தது. காப்பி அதில்தான். அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். பிள்ளைகளாகிய நாங்கள் அவர் மடியில் அமர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து மகிழலாம், அக்குவளையைத் தொடலாகாது. 1974இல் அவர் மகளுக்குத் திருமணம் நடந்தது. அன்று தந்தையார் வெள்ளை வேட்டி உடுத்தி, காரோட்டியின் இடத்தில் தாமே அமர்ந்தார். பின்னிருக்கையில் மணமகனும், மணமகளும், இடப்புறத்தில் காரோட்டியும் அமர்ந்தனர். முதுநகர்த் தெருக்களில் ஊர்வலம் மெல்லச் சென்றது. "ஐயா, செகண்டு கியர்லயே போங்க" என்று பின்னாலிருந்து அவர் பதறிக்கொண்டே வந்தார். பந்தலில் தந்தையார் மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார். பாட்டியார் வரவில்லை. 1976இல் அவர் மறையும்வரை அந்தக் குவளை அதே மாடத்தில்தான் இருந்தது.

சிதம்பரத்தில் எங்கள் சிற்றப்பா வைத்திருந்தது ஸ்டாண்டர்டு எரால்டு. 1961 முதல் சென்னையில் செய்யப்பெற்ற, தமிழ்நாட்டு மண்ணில் உருவான கார். அதன் முன்பகுதி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, முதலையின் வாய்போல் முன்னோக்கித் திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இயந்திரம் கற்க அதைவிட நல்ல பாடநூல் இல்லை. அக்காரை ஓட்டக் கற்றவர் சிற்றன்னையார். 1971இல் அண்ணாமலைநகரின் அகன்ற சாலைகளில், எங்கள் காரோட்டி அவருக்கு இரு வாரம் பயிற்சி தந்தார். பெண்ணொருத்தி கார் ஓட்டிக்கொண்டு கீழவீதி வழியாகச் செல்வதைக் காணக் கடைக்காரர்கள் தராசைத் தாழ்த்திவிட்டு எழுந்து நின்றனர். எங்கள் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர் எழுத்தாளர் செயகாந்தன். அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் வெளிவந்து, தமிழ்நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பிற்று. மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற மாணவி ஒருத்தி, முன்பின் அறியாதவனின் பெரிய காரில் ஏறுகிறாள். அதன் விளைவே கதை. அன்றைய பெண்ணுக்குக் கார் என்பது பிறர் அழைத்து ஏற்றுவது. சிற்றன்னையார் அக்கதையைப் படித்தவர். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "இனி மழைக்கு நான் யாரையும் கேக்க வேண்டாம்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அக்காலத்துக் கார் வாணிபத்தின் விந்தை ஒன்றைக் கேளுங்கள். 1969இல் அரசு கார்களின் விலையை ஆணையால் வரையறுத்தது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் வழக்கை முடிக்க, காரின் அடக்கவிலையைக் கணக்கிடும் பணியையே தான் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. நீதியரசர்கள் எஃகுத் தகட்டின் விலையையும் டயரின் விலையையும் ஆராய்ந்தனர்! வரிசையில் காத்திருப்போர் பல்லாயிரவர் ஆனதால், இரண்டாம் கையாக வரும் கார் புதிய காரின் விலையைவிட மிகுந்த விலைக்குப் போயிற்று. எங்கள் அம்பாசடருக்கு வாங்கிய விலைக்கு மேல் தருவதாக 1970இல் ஒருவர் வந்து கேட்டதைத் தந்தையார் குறித்து வைத்துள்ளார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை பெருகியபின், அத்தகையோர் வருகை நின்றது. அவ்வாண்டுகளில் சென்னைக்குச் செல்லும்போது, வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுபோகச் செய்த மாபெரும் குழாய்கள் சாலையோரம் பயனின்றிக் கிடந்தன. சிலவற்றில் ஏழைகள் குடியிருந்தனர். காரின் சாளரத்தின் வழியே நான் கண்ட முதல் அரசியல் பாடம் அது. வீராணத்து நீர் சென்னை சேர 2004 ஆயிற்று.

ஒரு கார் இருபத்தைந்து ஆண்டு ஓட வேண்டுமெனில், ஊரில் அதற்கேற்ற கைத்திறன் வேண்டும். புதிய உறுப்பு கிடைக்காத காலத்தில், கடலூர்ப் பட்டறைகள் பழையதைப் புதியதாக்கின. தேய்ந்த தண்டைக் கடைசலில் இட்டு அளவு திருத்துவோர், துருப்பிடித்த தகட்டைத் தட்டி நேராக்குவோர், வழுக்கையான டயருக்குப் புதுத்தோல் ஏற்றுவோர் எனத் தொழில்கள் பல தழைத்தன. எங்கள் காரோட்டியின் மகனும் அவ்வாறு பட்டறை வைத்தவரே. தந்தை 1981இல் ஓய்வு பெற்றார். மகனின் பட்டறையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, எஞ்சினின் ஒலியைக் கேட்டே நோய் சொல்லிக்கொண்டிருந்தார்.

1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி கார் விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் சுசுகி கம்பெனியோடு இந்திய அரசு கூட்டுச் சேர்ந்து குருகிராமத்தில் செய்த வண்டி. எஞ்சின் 796 கன சென்டிமீட்டர். விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். தனியார் காரை ஆடம்பரம் என்று வேலியிட்ட அரசே கார் செய்ய வந்தது. நான் அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். 50,000 என்பது எனக்கு அன்று எட்டாத தொகை. 1996இல், ஒன்பது ஆண்டு ஓடிய மாருதி ஒன்றைக் கடன் பெற்று வாங்கினேன். அதன் எண் பலகையில் ஒரு வரலாறு உண்டு. அம்பாசடரின் எண், சென்னை மாநிலத்துக்குரிய 'எம்' எழுத்தில் தொடங்கும். 1969இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றபின் வந்த வண்டிகள் 'டி' எழுத்தில் தொடங்கின. என் மாருதியும் அவ்வாறே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்தபின், 'டி.என். 31' என்பது கடலூரின் அடையாளம் ஆயிற்று. தென்னார்க்காடு மாவட்டமே 1993இல் இரண்டாகப் பிரிந்தது. எண் பலகைகளை வரிசையாக அடுக்கினால் ஆட்சி மாற்றங்களின் பட்டியல் கிடைத்துவிடும்.

1993இல் கார்த் தொழிலுக்கு உரிமம் வேண்டுவதில்லை என்றாயிற்று. வேலி போயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. 1950களில் வெளியேறிய போர்டு கம்பெனி, 1990களில் மறைமலைநகருக்கு வந்து சேர்ந்தது. வங்கிகள் வீடு தேடி வந்து கடன் தந்தன. எங்கள் தெருவில் இன்று கார் இல்லாத வீடு மூன்றுதான். இரவு இரண்டு மணிக்கு எவரும் எங்கள் கதவைத் தட்டுவதில்லை. 108 என்ற எண்ணை அழைக்கிறார்கள். அது நன்மையே.

தந்தையார் 1998இல் மறைந்தபின் அம்பாசடரை எவரும் ஓட்டவில்லை. விற்கவும் மனமில்லை. கொட்டகையில் நின்றது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்தன; பல குடும்பங்களுக்கு அது ஒரு தலைமுறையின் சேமிப்பு. எங்கள் வேம்பு கொட்டகையின்மேல் விழுந்தது. ஓடும் விட்டமும் நொறுங்கின. பத்து நாள் கழித்து மரத்தை அறுத்து அகற்றியபோது, கூரைத் தகடு அமுங்கி, கண்ணாடிகள் உடைந்து, ஆயினும் நான்கு சக்கரத்தின்மீதும் வண்டி நின்றுகொண்டிருந்தது. காரோட்டியின் பேரன் இன்று அந்தப் பட்டறையை நடத்துகிறார். அவர் வந்து எஞ்சினை மட்டும் எடுத்துச் சென்றார். எஞ்சியது எடைக்குப் போயிற்று. பதிவுப் புத்தகத்தை நான் வைத்துக்கொண்டேன். 2014 சனவரியில் மாருதி 800 நின்றது. மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது.

என் மகன் 2016இல் போர்டு இக்கோஸ்போர்ட் வாங்கினான். மறைமலைநகரில் செய்த வண்டி. முன்பணம் கட்டிய பத்தாம் நாள் வீட்டு வாயிலில் நின்றது. அவனுடைய பாட்டனாரின் தந்தையார் எழுதிய பதினொரு கடிதங்களை எடுத்துக் காட்டினேன், நம்ப மறுத்தான். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாகப் போர்டு அறிவித்தது. 2022இல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவந்தது. இந்த முறை எந்த ஆணையும் அவர்களை வெளியேற்றவில்லை. கணக்கு ஏட்டில் நட்டம் மிகுந்தது. பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் அடுத்த வேலையைத் தேடின.

சென்ற ஆண்டு அந்த வண்டியின் முன்சக்கரத்தில் ஓர் ஓசை எழுந்தது. சென்னையில் சொன்ன தொகையைக் கேட்டு அஞ்சிய மகன், முதுநகர்ப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றான். நானும் உடன் சென்றேன். காரோட்டியின் பேரன் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த உறுப்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி போனா போகட்டும் சார். இதைக் கடைசல் பிடிச்சுத் தரேன், நாளைக்கு வாங்க" என்றார். பின்னால் ஒரு மேடையில், எண்ணெய்த் துணியால் மூடி, எங்கள் அம்பாசடரின் எஞ்சின் இருந்தது. தொழிற்பயிற்சி மாணவர்கள் வந்தால் அதைக் கழற்றிக் காட்டுகிறாராம். எங்கள் மூவருக்கும் தேநீர் வந்தது. ஒரே தட்டில் மூன்று கண்ணாடிக் குவளைகள்.